வாரம் ஒரு ரெஃபரல் கட்டாயம் என்ற விதி வேண்டுமா?

உப்பனாற்றங்கரை (தொடக்கப் பதிவு):

கடலூர், பாண்டி இரண்டு பக்கத்துச் சிறுதொழில்காரர்களும் சேர்ந்து ஒரு குழு தொடங்க விதிமுறை வரைவு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதன்தோறும் காலை 7 மணிக்குக் கூட்டம். ஒரு தொழிலுக்கு ஒருவருக்குத்தான் இடம். ஒவ்வொருவரும் வாரம் ஒரு ரெஃபரலாவது, அதாவது தனக்குத் தெரிந்த ஒரு கஸ்டமரைக் குழுவில் அந்தத் தொழில் செய்பவருக்கு அறிமுகம் செய்வதாவது, கொடுத்தே தீர வேண்டும். வந்த ரெஃபரலில் எவ்வளவு வியாபாரம் நடந்தது என்பதை ரூபாயில் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று கூட்டத்துக்கு மேல் வராதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

குழு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. வாரம் ஒரு ரெஃபரல் என்ற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 உறுப்பினர், 52 வாரம், வருடத்துக்கு 1,560 ரெஃபரல். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டி லாஸ்பேட்டை வரை சலித்தாலும் நம் கண்ணில் படுகிற உண்மையான தேவை அத்தனை இருக்காது. இல்லாததைக் கொடுக்கச் சொன்னால் என்ன நடக்கும்? செவ்வாய் ராத்திரி பத்து மணிக்குப் போனில் இருக்கிற பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய், கொஞ்சம் பழக்கமுள்ள ஒருவரின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வியாழக்கிழமை அவருக்குப் போன் போகும்: "சார், உங்க நம்பரை இன்னார் குடுத்தாரு. உங்களுக்கு சிசிடிவி போடணுமாமே?" அவர் யாரிடமும் கேட்டிருக்கவே மாட்டார். நம்பர் கொடுத்தவருக்கும் அவருக்கும் பல வருடமாக இருந்த பழக்கம் அந்த நிமிஷமே கெட்டுப்போகும்.

சீட்டை வாங்கினவர் நிலைமையும் சங்கடம்தான். அந்த நம்பரால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும், கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால் நன்றி சொல்லியாக வேண்டும். நாலு மாதம் போனால் எப்படியும் வரவேண்டியிருந்த பழைய கஸ்டமர் ஆர்டரையே ரெஃபரல் கணக்கில் எழுத ஆரம்பிப்பார்கள். பலகையில் எண்ணிக்கை ஏறும், ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவது குறையும்.

அந்த விதிக்குப் பதிலாக இதைப் போடலாம்: முதல் மூன்று மாதம் யாரும் யாருக்கும் ரெஃபரல் கொடுக்கக் கூடாது. மாதம் இரண்டு உறுப்பினர்களின் தொழிற்கூடத்துக்கோ கடைக்கோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.


மிஷன்வீதி:

உப்பனாறு அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் சொன்ன தவறுகள் எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் விதியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று நீங்கள் எழுதவில்லையே. பழைய சங்கக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருவார்கள், வடை காபி சாப்பிடுவார்கள், தெரிந்த நாலு பேரோடு ஒரே மூலையில் உட்கார்வார்கள், கிளம்பிவிடுவார்கள். பத்து வருடம் ஒரே சங்கத்தில் இருந்தும், அடுத்த நாற்காலிக்காரர் என்ன தயாரிக்கிறார் என்று தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

வாரம் ஒன்று என்ற கட்டாயத்தின் பலன் சீட்டில் இல்லை, காதில் இருக்கிறது. புதன்கிழமை ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்தவர், வாரம் முழுக்கத் தன் கஸ்டமர் பேசும்போது வேறு மாதிரி கேட்பார். "கோடவுன்ல மழைத்தண்ணி ஒழுகுது" என்று யாரோ போகிறபோக்கில் சொன்னால், குழுவில் ஷீட் வேலை செய்பவர் ஒருவர் இருக்கிறாரே என்று அவருக்கு உறைக்கும். கட்டாயம் இல்லாதவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர், ஊர்க்காரர், சாதிக்காரர் என்று ஏற்கெனவே ஒரு வலை இருப்பவருக்கு எந்த விதியும் தேவையில்லை. அவருக்குக் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே ஆர்டர் கிடைத்துவிடும். அப்பா கூலி வேலைக்குப் போன வீட்டிலிருந்து முதல் ஆளாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது. அவருக்கு இந்த விதிதான் கதவு. தெரிந்தவருக்கு மட்டும் செய்கிற இயல்பை விதி தடுக்கிறது. எடுத்துவிட்டால் குழு மெல்லப் பழைய வலைகளாகவே பிரிந்துபோகும்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தார். சொன்னவரை அடிக்கடி பார்க்கிறவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர்கள் 55.6, அபூர்வமாகப் பார்க்கிறவர்கள் 27.8. நெருங்கினவர்களுக்குத் தெரிவதெல்லாம் நமக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கிறது. அந்தத் தள்ளி இருப்பவரை வாரம் ஒரு முறை நம் எதிரில் உட்கார வைப்பது சின்ன விஷயமா?


தட்டாஞ்சாவடி லேத்:

வாரமா மாதமா என்பது அப்புறம். ரெஃபரல் என்றால் என்ன என்று முதலில் எழுதுங்கள். "லேத் வேலை ஒண்ணு இருக்காம், பேசிக்குங்க" என்பது ரெஃபரலே கிடையாது.

"இஎன் 8 ஷாஃப்ட், 40 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம், 25 எண்ணம். டிராயிங் இருக்கிறது. பேரிங் உட்காரும் இடத்தில் 16 மைக்ரான் டாலரன்ஸ். மெட்டீரியல் அவர்களே தருவார்கள். மாதாமாதம் வரும்." இது ரெஃபரல். இஎன் 8 என்பது ஒரு வகை எஃகு, டாலரன்ஸ் என்பது அளவு எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு. இதைப் படித்த உடனே ஒரு லேத்காரருக்கு முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். 16 மைக்ரான் என்றால் கடைசியில் கிரைண்டிங் (சாணை பிடிப்பது) போக வேண்டும். சிலிண்ட்ரிக்கல் கிரைண்டர் எல்லா லேத் பட்டறையிலும் இருக்காது. இல்லாத இடத்துக்கு அனுப்பினால் அவர் வெளியே கொடுத்து வாங்குவார், நாலு நாள் தள்ளிப்போகும், ரேட் ஏறும். கடைசியில் திட்டு அனுப்பினவருக்குத்தான்.

பட்டறையில் என்ன மெஷின் நிற்கிறது என்று கண்ணால் பார்க்காதவர் எப்படி அனுப்புவார்? அதனால் நேரில் போவது என்ற யோசனைக்கு என் ஓட்டு.


உப்பனாற்றங்கரை:

மிஷன்வீதி தம்பி, முதல் தலைமுறைக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். கிரானோவெட்டர் விஷயத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் பார்த்தது வேலைவாய்ப்புச் செய்தி. "அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்" என்று சொன்னவருக்குக் கையை விட்டு எதுவும் போகாது. நம் பக்கத்தில் ரெஃபரல் என்றால், பெரும்பாலும் சரக்கு 30 நாள், 60 நாள் கடனில் போகும். "கடன் அன்பை முறிக்கும்" என்று கடைக்குக் கடை எழுதி மாட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அனுப்பி வைக்கப்பட்ட கஸ்டமர் பணம் கொடுக்காவிட்டால், சரக்கு கொடுத்தவர் முதலில் கோபப்படுவது அனுப்பினவர்மேல்தான். தூரத்துப் பழக்கம் செய்தி கொண்டுவரும், ஒத்துக்கொள்கிறேன். கடனுக்கு ஜவாப் சொல்ல அந்தப் பழக்கம் போதாது.


மிஷன்வீதி:

அதற்கும் ஒரு பதில் உண்டு. 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து வருடக் காலத்துக்குக் கவனித்தார்கள். வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது, மிக நெருக்கமும் இல்லாத முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுவாந்தரப் பழக்கம். வாரம் ஒரு முறை பார்க்கிற முப்பது பேர் அந்த நடுவாந்தரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். கடன் விஷயத்துக்கு வேண்டுமானால் தனியாக விதி போடுவோம்.


வரிக்கணக்கர்:

கடனுக்கு விதி என்ற பேச்சு வந்ததால் குறுக்கிடுகிறேன். இந்தக் குழுவுக்கு மற்ற ஊர்க் குழுக்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வரைவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடலூரிலிருந்து பாண்டி 22 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33இல் ஆரம்பிக்கும், புதுச்சேரி எண் 34இல் ஆரம்பிக்கும். எல்லை தாண்டிச் சரக்கு கைமாறினால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையேயான ஜிஎஸ்டி). இதனால் நல்ல எண்ணத்தோடு கொடுத்த ரெஃபரல் மூன்று இடத்தில் உடைகிறது.

முதலாவது, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்காரர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. வாங்கலாம், விற்கக் கூடாது. மஞ்சக்குப்பத்தில் காம்போசிஷனில் இருக்கிற ஒரு மசாலாப் பொடிக்காரருக்குப் பாண்டி நேரு வீதிக் கடையை அறிமுகப்படுத்தினால், அவர் மறுக்க வேண்டும், இல்லையென்றால் தப்பு செய்ய வேண்டும். அதுவும் போக, காம்போசிஷன்காரரிடம் வாங்கினால் வாங்குகிறவருக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டின வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. கடலூருக்குள்ளேயே கொடுத்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், புதுச்சேரியில் 20 லட்சம். ஆனால் எல்லை தாண்டிச் சரக்கு விற்றால் இந்த வரம்பு உதவாது, கைவினைப் பொருள் மாதிரி சில விலக்குகள் தவிர முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சேவைக்கு அப்படி இல்லை, 20 லட்சம் வரை எல்லை தாண்டிச் செய்யலாம். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கிற தையல்காரர், கடலூர்ப் பள்ளி கொடுக்கிற துணியில் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தால் அது சேவை. அவரே துணி எடுத்துத் தைத்து விற்றால் அது சரக்கு. வேலை ஒன்றேதான், ஆனால் சட்டம் வேறு. இதைத் தெரிந்துகொண்டு அறிமுகம் செய்பவர் பெரிய உதவி செய்கிறார்.

மூன்றாவது, 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கு ஏற்றிப்போக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டிப் பழகினவர்களுக்கு ஒரு லட்சம் என்ற வரம்புதான் மனதில் இருக்கும். வண்டி நிற்கும்போதுதான் தெரியும்.

கடனைப் பொறுத்தவரை, குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே உறுப்பினர் பட்டியலில் பெயர், தொழில், போன் நம்பரோடு இன்னும் நாலு கட்டம் வேண்டும்: பதிவு 33ஆ 34ஆ, சாதாரணப் பதிவா காம்போசிஷனா பதிவில்லையா, உத்யம் உண்டா, வழக்கமாக எத்தனை நாள் கடன். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். வரைவிலேயே அதைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.


பலாச்சுளை பண்ருட்டி:

வரிக்கணக்கர் ஐயா சொன்னதோடு சேர்த்து, லேத் அண்ணன் சொன்ன தெளிவு எங்கள் சரக்குக்கும் வேண்டும். "முந்திரி வேணுமாம்" என்று நம்பர் வந்தால் அரை மணி நேரப் பேச்சு வீண். டபிள்யூ 240ஆ, டபிள்யூ 320ஆ, உடைசலா? ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். 320 என்றால் 300 முதல் 320 பருப்பு. ஸ்வீட் கடைக்குக் கேசரி, பாயாசத்துக்கு என்றால் உடைசலே போதும், விலை நன்றாகக் குறையும். கேட்பவருக்கு இது தெரியாது. அறிமுகம் செய்பவர் "எதுக்குப் போடப் போறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினால் இரண்டு பேருக்கும் லாபம்.


பாகூர் தையலகம்:

எல்லோரும் மூன்றாவது விதியைப் பிடித்துக்கொண்டீர்கள். முதல் விதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே அண்ணா. காலை 7 மணி!

ஏழு மணிக்குப் புதுச்சேரி டவுனில் இருக்க வேண்டுமென்றால் பாகூரிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் டிபன், மத்தியானச் சாப்பாட்டு டப்பா, பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன். இதையெல்லாம் யாரோ ஒருவர் செய்துகொடுக்கிற வீட்டு ஆண்களுக்குத்தான் 7 மணி வசதி. பெண்கள் மட்டும் இல்லை. பூ மார்க்கெட், மீன், காய்கறி, பால் சம்பந்தப்பட்ட யாருக்கும் அதுதான் உச்ச நேரம். மூன்று தடவைக்கு மேல் வராவிட்டால் இடம் போகும் என்ற விதியையும் சேர்த்துப் பாருங்கள். சொல்லாமலே இத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டீர்கள். பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரை வைத்தால் தையல், பார்லர், கேட்டரிங், பட்டறை எல்லோருக்கும் ஒத்துவரும். பள்ளி விடுவதற்குள் வீடு திரும்பலாம்.

ரெஃபரல் கட்டாயம் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து, உப்பனாறு அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. காரணம் இதுதான். கலந்து உட்காரும் கூட்டங்களில் ஒரு பெண் எழுந்து தன் தொழிலைச் சொன்னால், "நல்லது மேடம், வாழ்த்துக்கள்" என்று கை தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். மெஷின் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொடுத்தே தீரணும் என்று விதி இருந்தால் கேட்டுத்தான் ஆகணும். ஐந்து பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், பட்டன்ஹோல் வெளியே கொடுப்பது, ஜூன் பள்ளி திறப்புக்கு மார்ச்சிலேயே அளவு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஏப்ரல் கடைசியில் 400 செட் என்று வந்தால் எந்தத் தையலகமும் தடுமாறும்.

ஆனால் ரூபாய்க் கணக்கை மைக்கில் சொல்வது வேண்டவே வேண்டாம். ஆறு லட்சத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தவருக்குக் கைதட்டல், நாலாயிரம் ரூபாய் பிளவுஸ் ஆர்டர் அனுப்பினவருக்கு ஒரு தலையாட்டல் என்று ஆகிவிடும். அடுத்த வாரம் நாலாயிரத்துக்காரர் வாயைத் திறக்க மாட்டார். வருமானத்தை ஊர் அறியச் சொன்னால் வீட்டு வாசலில் கைமாற்றுக் கேட்டு ஆள் நிற்பார்கள் என்பது வேறு.


மிஷன்வீதி:

அக்கா, நேரத்தை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இதை நானே யோசித்திருக்க வேண்டும். ரூபாய் அறிவிப்பையும் விட்டுவிடலாம்.

கட்டாய விதியை இப்படித் திருத்திப் பாருங்கள். மூன்று பேரின் சம்மதமும் இருந்தால்தான் ரெஃபரல் என்று எண்ணப்படும். முதலில் தேவை உள்ளவரிடம் கேட்க வேண்டும்: "இப்படி ஒருவர் இருக்கிறார், உங்க நம்பரைக் குடுக்கலாமா?" அப்புறம் உறுப்பினரிடம்: "இந்த வேலை, இந்த அளவு, இந்தத் தேதி. எடுப்பீங்களா?" இரண்டு பக்கமும் சரி என்ற பிறகு மூன்று பேர் மட்டும் உள்ள வாட்ஸ்அப் செய்தி. செய்தி இந்த அளவு இருந்தால் போதும்:

"வணக்கம். இவர் வில்லியனூரில் பேக்கரி வைத்திருக்கிறார். பிளம் கேக்குக்கு அரைக் கிலோ அட்டைப் பெட்டி 2,000 வேண்டும், டிசம்பர் 5க்குள். மேலே ஒரு கலர் பிரிண்ட். இவர் பெட்டி தயாரிப்பவர், குறைந்தபட்ச ஆர்டர் 1,000. பாதி முன்பணம், மீதி டெலிவரியில் என்று இரண்டு பேரிடமும் பேசியிருக்கிறேன். நாளை மாலை 4க்கு மேல் பேசிக்கொள்ளலாம். வரும் திங்கள் நான் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் உயிர். கொடுத்தவர் ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும். வேலை நடக்கவில்லையென்றால் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரேட்டா, தேதியா, போனே எடுக்கவில்லையா? போன் எடுக்காத உறுப்பினருக்கு இரண்டாவது தடவை யாரும் அனுப்பப் போவதில்லை. அதை அவரிடமே சொல்வதும் கொடுத்தவர் கடமைதான்.


உப்பனாற்றங்கரை:

இந்தச் செய்தி அருமை. இப்படி ஒன்று எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தீர்களா? இரண்டு பக்கமும் பேசி, அளவு கேட்டு, முன்பணம் பேசி, திரும்ப விசாரித்து என்று இரண்டு மூன்று மணி நேரம். அதனால்தான் வாரம் ஒன்று நடக்காது என்கிறேன். தரத்தை ஏற்றினால் எண்ணிக்கை தானாக இறங்கும். மாதம் ஒன்று என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். மீதி மூன்று வாரம் நேரில் போய்ப் பார்ப்பதற்கு.

சுழற்சியாக ஒவ்வொருவர் இடத்தில் கூடுவது புது யோசனை கிடையாது. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் இன்னும் மூன்று பேரோடு தொடங்கின சங்கத்துக்கு ரோட்டரி என்று பெயர் வந்ததே, ஒருவர் மாற்றி ஒருவர் ஆபீசில் கூடினதால்தான். ஹோட்டல் ஹாலில் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரே மாதிரி இருப்பார்கள். பட்டறையில் அப்படி இருக்க முடியாது.

போனால் என்ன பார்ப்பது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அட்டைப் பெட்டி யூனிட் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் போகிறீர்கள் என்று வையுங்கள். தயாரான கட்டுகள் தரையில் நேராகக் கிடக்கின்றனவா, மரப் பேலட்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை அட்டை குடித்துவிடும். விரலால் விளிம்பை அழுத்தினால் மொறுமொறுவென்று நிற்காமல் குழையும். அந்தப் பெட்டியை ஐந்து அடுக்கு அடுக்கினால் அடிப்பெட்டி உட்கார்ந்துவிடும். ஈரத்துக்குப் பயந்து பேலட் போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கியிருக்கிறவர் மற்ற வேலையிலும் அப்படித்தான் இருப்பார். ரிஜெக்ட் ஆன பெட்டிகளை எங்கே போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒன்றுமே ரிஜெக்ட் இல்லை என்று சொல்கிற இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்புறம் மூன்று கேள்வி. எவ்வளவு சின்ன ஆர்டர் எடுப்பீர்கள்? எந்த மாதிரி வேலையை வேண்டாம் என்பீர்கள்? எந்த மாதத்தில் கை காலியாக இருக்கும்? இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பி அனுப்பலாம்.

முதல் தலைமுறைக்காரர் விஷயத்துக்கும் பதில் இதில் இருக்கிறது. புதியவர் இடத்துக்கு முதல் சுற்றிலேயே எல்லோரும் போக வேண்டும் என்று விதி போடுங்கள். அவர் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தேட வேண்டியதில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று முப்பது பேரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.


மிஷன்வீதி:

புதியவர் இடத்துக்கு முதலில் என்பதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன் அண்ணே. மாதம் ஒன்று என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. மாதம் ஒன்று என்றால் மாதக் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கே வரும். மாதம் இரண்டு என்று ஓட்டுக்கு விடலாம்.


வரிக்கணக்கர்:

ஓட்டுக்கு விடும்போது கமிஷனையும் சேருங்கள். அறிமுகத்துக்குக் கமிஷன் வாங்கலாம், தொழிலில் உள்ளதுதான். ஆனால் வாங்குகிறவர் இரண்டு தரப்புக்கும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் தெரிந்தால், அதுவரை அவர் சொன்ன எல்லா நல்ல வார்த்தைக்கும் விலை போட்டுப் பார்ப்பார்கள். டாக்டர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இருவருக்கும் ஆள் அனுப்பினதற்குக் கமிஷன் கொடுப்பது அவர்கள் தொழில் நெறிமுறையிலேயே தடை. வழக்கறிஞர்கள் வேலை தேடி விளம்பரம் செய்யக் கூடாது. அவர்களைக் குழுவில் சேர்த்துவிட்டு எண்ணிக்கைக்காக நெருக்கினால் அவர்களுக்குத்தான் வில்லங்கம். அவர்களை இந்த விதியிலிருந்து விலக்கிவிடுங்கள்.


பலாச்சுளை பண்ருட்டி:

ஒரு விஷயம் இதுவரை யாரும் தொடவில்லை. நம் கரைக்குப் புயல் வராத வருடம் குறைவு. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறி எங்கள் பக்கத்து முந்திரி, பலாத் தோப்புகளை அடியோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் பாண்டிப் பக்கம் கரையேறியது. பாண்டி மிதந்தது, அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள். தொழிலில் கெட்டது என்றால் நமக்கு அதுதான்.

குழுவுக்கு ஒரு மழைக்காலப் பட்டியல் வேண்டும். செப்டம்பர் 15க்குள் புதுப்பித்துவிட வேண்டும், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். யாரிடம் டீசல் பம்ப் இருக்கிறது, எத்தனை எச்.பி., ஹோஸ் எத்தனை மீட்டர்? யாரிடம் ஜெனரேட்டர், எத்தனை கேவிஏ, சக்கரம் வைத்ததா? யாருக்கு மாடியில் காலி இடம், எத்தனை சதுர அடி, சரக்கு ஏற்ற வழி உண்டா? யாரிடம் உயரமான வண்டி?

இதில் தவறுகிற இடங்களும் தெரிந்தவைதான். பம்ப் இருக்கும், ஹோஸ் எலி கடித்திருக்கும். ஃபுட் வால்வில் (தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடி வால்வு) சேறு அடைத்துத் தண்ணீர் ஏறாது. டீசலை அன்றைக்குத் தேடினால் பங்கில் மின்சாரம் இருக்காது. டவர் விழுந்தால் போனில் இருக்கிற பட்டியல் உதவாது, அச்செடுத்து ஒவ்வொரு ஆபீஸ் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும். பம்ப்பை வருடத்துக்கு ஒரு முறை பத்து நிமிஷமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போதே ஓட்டிவிடலாம்.

இதற்கு ரெஃபரல் கணக்கு எதிலும் இடம் இல்லை. ஆனால் தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போது பம்ப்போடு வந்து நின்றவருக்கு அப்புறம் வேலை அனுப்ப யாருக்கும் விதி தேவைப்படாது.


பாகூர் தையலகம்:

எங்கள் மாடியில் 300 சதுர அடி இருக்கிறது. துணி, நோட்டுப் புத்தகம் மாதிரி சரக்கு வைக்கலாம், கனமானது முடியாது. படி அகலம் மூன்றடிதான். பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.


மிஷன்வீதி:

எழுதிவிட்டேன் அக்கா. திருத்தின வரைவில் நேரம் 11:30. ரூபாய் அறிவிப்பு இல்லை. வரிக் கட்டங்கள் சேர்ந்துவிட்டன. மழைப் பட்டியல் தனித் தாள். ரெஃபரல் மாதம் ஒன்றா இரண்டா என்பது மட்டும் ஓட்டுக்கு நிற்கிறது. உப்பனாறு அண்ணே, உங்கள் வாதத்தை உங்கள் வார்த்தையிலேயே பத்து வரியில் எழுதி அனுப்புங்கள். என்னுடையதுக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும்.


தட்டாஞ்சாவடி லேத்:

மழைத் தாளில் ஹோஸ் நீளம் மட்டும் போதாது, வாய் அளவும் எழுதச் சொல்லுங்கள். 2 இன்ச் பம்ப்பில் 3 இன்ச் ஹோஸ் மாட்டாது, ராத்திரி இருட்டில் கயிறு கட்டி ஒழுக விட்டுக்கொண்டு நிற்பார்கள். யார் யாரிடம் என்ன அளவு என்று இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால், 3க்கு 2 ரெட்யூசர் (இரண்டு அளவையும் சேர்க்கும் இணைப்பு) தேவையான எண்ணிக்கை கடைந்து வைக்கிறேன். பைப் துண்டு மட்டும் யாராவது கொடுங்கள்.